கட்டாத வீட்டுக்குள் கேறியவர்கள்

கட்டாத வீட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போய், சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவருவதுதான் என் தொழில். பாறசாலையில் பல வருடமாக வீட்டு பிளான் வரைகிறேன். இப்போது வரைந்ததைக் கணினியில் ஏற்றி, வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டால், ஆள் தன் வீட்டின் நடுவில் நிற்பார். காகித பிளானுக்குத் தலையாட்டிவிட்டு, சுவர் எழும்பிய பிறகு 'அறை இவ்வளவுதானா' என்று திகைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் அந்தக் கண்ணாடியை வாங்கினேன்.

வலது கால்

முதலில் மாட்டிப் பார்த்தவர் குளத்தூர் வில்சன். ஆட்டோ ஓட்டுகிறவர், கிட்டத்தட்ட என் உயரம். மனைவி ஸ்டெல்லா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். வீடு அவள் சம்பாத்தியம். அங்கே அவள் நிற்கும் அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் தன் வீட்டில் அவள் கேட்டது ஒன்றுதான்: சமைத்துக்கொண்டே ரோட்டைப் பார்க்க வேண்டும்.

வில்சன் கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டியதும் வலது காலை எடுத்து வைத்தார்; முழங்கால் என் இரும்பு அலமாரியில் இடித்தது. அதைத் தடவிக்கொண்டே, கையில் கொடுத்திருந்த பொத்தானை அழுத்தி அடுக்களை வரை போனார். வீடு மேட்டில், ரோடு தாழே. ஜன்னல் வழியே ரோடு தெரிகிறது, கொள்ளாம், நல்லா இருக்கு என்று சந்தோஷப்பட்டார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். கை உள்ளே போய்விட்டது.

"பூச்சு கொள்ளாம் அண்ணா. சுவருதான் இல்லை."

பால் காய்ச்சாத வீடு

அன்றிலிருந்து எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்திருந்தாலும் நிற்பது போலத் தெரியவேண்டுமே என்று, கண்ணின் உயரத்தைக் கணினியில் ஒரே அளவாகப் போட்டு வைத்தேன். வெறுங்கால் தரையில் பதிந்தால் தலைசுற்றல் குறையும் என்பதால், செருப்பைக் கழற்றச் சொல்வதும் பழக்கமானது.

காஞ்சிரங்குளத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார், கண்ணாடியை நெற்றிவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பால் காய்ச்சாத வீட்டில் எப்படிக் கால் வைப்பது என்று கேட்டார். இது வெறும் படம்தானே டீச்சர் என்றேன். அவர் கண்ணாடியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"படம் பாக்கியதுக்கு எதுக்கு தம்பி செருப்பைக் கழத்தச் சொன்னது?"

யார் கண்

அந்தக் கேள்வி சில நாட்கள் என்னை விடவில்லை. நான் காட்டுவது படமா, வீடா? மாட்டிப் பார்த்தவர்கள் எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்? அந்த யோசனையில் இருக்கும்போதுதான் ஸ்டெல்லா விடுமுறையில் வந்தாள். மறுநாள் காலையில் அடுக்களை ஜன்னலுக்குச் சட்டம் வைப்பதாக இருந்தது. அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று வில்சன் அவளை ஆட்டோவில் அழைத்து வந்தார். அவர் தோளுக்குக்கூட எட்டாத பெண்.

நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, ரோடு தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றாள், ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. குனிந்து, அடுப்பு வைக்கும் ஸ்லாபைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். குவைத்தில் ஸ்லாப் உயரம். பதினோரு வருடமாக ஒரு பலகைமேல் ஏறி நின்றுதான் சமைக்கிறாளாம். ஏறினால் என்ன தெரியும், இறங்கினால் என்ன தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. இங்கே பலகை இல்லாமலே பலகைமேல் நிற்பது போலத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள்.

"அண்ணா, இதுல நிக்கியது நான் இல்லை. நீங்களாக்கும்."

இரண்டு வரிசை கல்

கணினியில் கிடந்தது என் உயரம்தான். அளவு போடும் நேரத்தில் நாடாவை வேறு யார் கண்வரை பிடித்தேன்? ஸ்டெல்லாவை நிற்கச் சொல்லி அளந்து, அந்த அளவைப் போட்டேன். மறுபடி பார்த்தாள். ரோடு போய்விட்டது, தென்னை மண்டைகளும் வானமும் மட்டும் மிச்சம். தப்பு என்னுடையது என்றேன். அதற்குள் வில்சன் கொத்தனாரை போனில் பிடித்து, சட்டம் வைக்க வேண்டாம், நான் வாறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வரிசை கல்லை எடுத்துவிட்டு, சட்டத்தைத் தாழ்த்தி வைத்தார்கள். ஸ்டெல்லா ஸ்லாப் வரும் இடத்தில் நின்று, ரோட்டில் போகிற பஸ்ஸைக் கண்ணாலேயே வளைவுவரை கொண்டுவிட்டாள். சட்டத்தின் மேல்கட்டை வில்சனின் தாடைக்கு நேராக வந்தது. இனி குனிந்துதான் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் முனகினார்.

"பகல் முழுக்க ரோட்டுலதானே கெடக்குதியோ? வீட்டுக்குள்ள வந்தா என்னைப் பாத்தா போதும்."

இப்போதெல்லாம் செருப்புக்கு முன்னால் உயரத்தைத்தான் கேட்கிறேன். ஆனாலும், என் கண்ணால் தங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கொள்ளாம் என்று சொல்லிப் போன பழைய ஆட்களை வழியில் கண்டால், நானே கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறேன்.