மூன்றாம் வரியில் ஒரு சுரம் குறைகிறது

பேக்பைப் வாசிக்கிறவனுக்கு அக்கம்பக்கத்தில் நண்பர்கள் இருக்க மாட்டார்கள். உக்கடத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், மொட்டை மாடியில் செய்யக்கூடாதவை என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் வடாம் காயப்போடுவதற்கு அடுத்தபடியாக என் வாத்தியம் வருகிறது. பெயர் தெரியாததால் ‘பை வைத்து ஊதுதல்’ என்று போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்வது அதுதான்.

பிழைப்புக்கு ஒரு பம்புசெட் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். ‘தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்’ என்பதுதான் என் எழுத்துகளிலேயே அதிகம் அச்சான வாக்கியம். அதை யாரும் படிப்பதில்லை என்பதற்கு, கம்பிச்சுருள் எரிந்து திரும்பி வரும் மோட்டார்களே சாட்சி.

பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்ட வாத்தியம் இது. பெரியவனான பிறகு, ராணுவ பேண்டில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து பழைய செட் ஒன்றை வாங்கினேன். கிறிஸ்தவக் கோயில்களில் பாடும் ஞானப்பாட்டுகளை இதற்குத் தோதாக மாற்றி எழுதி, ஊதிப் பதிவுசெய்து, இணையத்தில் சும்மா போட்டுவைப்பேன். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மிசோரத்திலிருந்து ஒருவர், தன் நாய் கூடவே பாடுவதாக எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த மதிப்புரை அது.

மாற்றி எழுதுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பேக்பைப்பில் இருப்பதே ஒன்பது சுரம். மெதுவாக ஊத முடியாது. நடுவில் நிறுத்தி மூச்சுவிடவும் முடியாது, பையில் காற்று இருக்கும்வரை அது கத்திக்கொண்டேதான் இருக்கும். பாட்டுக்குப் பத்தாவது சுரம் தேவைப்பட்டால் தொலைந்தோம். நம் ஊர் மினி பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். இந்த வாத்தியத்தில் இருக்காது. பத்தாவது ஆளைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

அக்காவின் பாட்டுக்குப் பத்து சுரம்.

அக்கா காரமடையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே சின்னக் கோயில், சின்னப் பாடகர் குழு. அதில் அவள் குரல்தான் முன்னால் போகும். சாயங்கால ஆராதனையில் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு உண்டு. அதன் மூன்றாம் வரியின் நடுவில் மெட்டு திடீரென்று மேலே ஏறும். மற்றவர்கள் ஏணியின் அடியில் நின்று யோசிப்பதுபோல ஒரு கணம் தயங்குவார்கள். அக்கா ஏறிவிடுவாள். அவள் ஏறிய பிறகு எல்லோரும் ஏறுவார்கள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், அறுத்தார்கள், பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரமடை போவேன். அப்படி ஒரு ஞாயிறு, கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னாள்.

“டேய், என்ற அடக்கத்துக்கு நீதான் ஊதோணும்.”

“அக்கா, சும்மா இரு. உசுரோட இருக்கறப்பவே இதை ஆட்டுக்குட்டிக் கழுத்தை நெரிக்கற சத்தம்னு சொன்னவ நீ.”

“இப்பவும் அதேதான் சொல்றேன். ஆனா கல்லறைத் தோட்டத்துல எவ வாயத் தொறந்து பாடறா? எல்லாம் முந்தானைய வாயில வெச்சுட்டு முனகுவாளுக. நீ ஊதுனா அந்தச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் பாடியாகோணும். எனக்கு அதுதான் வேணும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர், மாமா, எழுந்து வெளியே போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொன்னார். மாடுகளை விற்று ரொம்ப நாளாகியிருந்தது.

“மூணாவது வரி மேல போகோணும்,” என்றாள் அக்கா. “அத வுட்டுப்போட்டீன்னா பொட்டியிலிருந்து எந்திரிச்சு வந்துருவேன், பாத்துக்க.”

அதன் பிறகு என் ஞாயிறுகள் அந்த ஒரு சுரத்தோடு கழிந்தன. மெட்டை மொத்தமாகக் கீழே இறக்கிப் பார்த்தேன். மேல் சுரம் வந்தது. ஆனால் அடியில் ஒன்று போயிற்று, நடுவில் ஒன்று பிசகி, பாட்டு வேறு யாருடைய பாட்டாகவோ ஆகிவிட்டது. தோட்டத்து மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்று ஊதுவேன். அக்கா ஜன்னல் வழியாகத் தீர்ப்பு சொல்வாள். சத்தம் போடத் தெம்பில்லாததால் கையை ஆட்டுவாள். பெரும்பாலும் ஈ ஓட்டுகிற மாதிரி.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான்.

“உன்ற குழல்ல இல்லாததுக்கு எதுக்கு மல்லுக்கட்டற? நீ கீழயே நில்லு. அந்த எடத்துல பாடறவிய மேல போகட்டும்.”

“நான் ஒன்னு ஊத, அவங்க ஒன்னு பாடுனா நல்லாருக்குமா?”

“ஊதித்தான் பாரேன்.”

ஊதினேன். என் குழலில் மேலே இருக்கும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா பாடினாள். எனக்கு அவள் குரல் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஆனால் புருவம் மேலே ஏறியதைப் பார்த்தேன். மேல் சுரம் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குப் புருவம் ஏறும். ஊதி முடித்ததும், “செரியா இருக்கு, கண்ணு,” என்றாள். அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம்.

பேக்பைப்பின் சுருதி கோயிலில் இருக்கும் கீபோர்டோடு சேராது. அதனால் பாடகர் குழு என் சுருதியிலேயே பழகட்டும் என்று நான் ஊதிய பதிவையும், பாட்டை இசைக்குறிகளில் எழுதிய தாளையும் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தாளில் அந்த இடத்துக்கு மேலே, கட்டம் கட்டி, ‘குழல் இங்கே கீழே நிற்கும். பாடுவோர் வழக்கம்போல் மேலே போகவும்’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். கையேடு எழுதிக் கைபழகியவன் அல்லவா. ‘நல்லதுங்க’, ‘ஆகட்டுங்க’ என்று வரிசையாகப் பதில் வந்தது. கும்பிடும் கைகள் ஏராளம்.

மழைக்காலம் தொடங்கும்போது அக்கா போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஐயர் ஜெபம் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். ஊதினேன். அக்கா சொன்னது நடந்தது. முதல் வரியை முனகிப் பார்த்தவர்கள், என் இரைச்சலில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல், இரண்டாம் வரியில் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தார்கள். முந்தானைகள் இறங்கின. அவ்வளவு சத்தமாக அந்த ஊரில் யாரையும் புதைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வரி வந்தது. நான் கீழே நின்றேன். பாடகர் குழு முழுவதும், பிசிறே இல்லாமல், என்னோடு கீழேயே நின்றது.

வாத்தியத்தை நிறுத்த முடியாது. வாயில் குழல், சொல்லவும் முடியாது. புருவத்தை ஏற்றிப் பார்த்தேன். முன்னால் நின்ற பெண்கள் துக்கம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த சரணங்களிலும் அந்த இடம் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் நின்ற இடத்திலேயே அவர்களும் நின்றார்கள். பெட்டி இறங்கியது. அக்கா எழுந்து வரவில்லை.

திரும்பும்போது பாடகர் குழுவில் மூத்த அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படிங்க இருந்துச்சு? நீங்க அனுப்புனதத் தினமும் போட்டுப்போட்டுப் பழகுனமுங்க. பழைய ராகம் வாயில வந்துரக் கூடாதுன்னு நெம்பக் கவனமா இருந்தமுங்க.”

“தாள்ல ஒன்னு எழுதியிருந்தேனுங்களே, அம்மா?”

“அந்தப் புள்ளிக் கோடெல்லாம் எங்களுக்கு என்னங்க தெரியும்? காதுல கேக்கறதுதானுங்க. நீங்க ஊதுன மாதிரி, ஒரு எழுத்துப் பிசகாம பாடிப்போட்டோம்.”

“நெம்ப நல்லா இருந்துச்சுங்க,” என்றேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது?

மாமா மட்டும் காரில் ஏறும்போது கேட்டார்.

“மூணாவது வரி மேல போகலையா?”

“இல்லைங்க மாமா.”

தலையை ஆட்டிக்கொண்டார். 

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு மாமாவைப் பார்க்கப் போனேன். சாயங்கால ஆராதனையில் அதே பாட்டு வந்தது. பேக்பைப் இல்லை, கீபோர்டுதான். மூன்றாம் வரியில் கீபோர்டு பழைய மெட்டுப்படி மேலே போனது. பாடகர் குழு என் பதிவில் பழகியபடி கீழே நின்றது. யார் தப்பு என்று கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த சரணம். எனக்குப் பாட வராது. அக்காவே பலமுறை சொல்லியிருக்கிறாள், ஊதப் போனதே அதனால்தான் என்று. மூன்றாம் வரி வந்தபோது எழுந்து நின்று மேலே போனேன். குரல் உடைந்து, கிட்டத்தட்ட ஆட்டுக்குட்டிச் சத்தம்தான் வந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாமா திரும்பவில்லை. பக்கத்தில் எழுந்து நின்றார்.

கடைசிச் சரணத்தில் அவரும் ஏறிப் பார்த்தார். என்னைவிட மோசம். பாடகர் குழு கீழேயே, பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது.