கார்ட்டர் வீட்டுப் பங்கு

என் சின்ன வயதுச் சிநேகிதி ஒருத்தியை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. இந்த வயதில் இதெல்லாம் ஒரு ஆசையா என்று என் மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

விருதுநகர் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில் இருந்த இன்ஜின் டிரைவரின் மகள் அவள். வெள்ளைக்கார வழியும் நம் வழியும் கலந்த குடும்பம். ஊரில் சட்டைக்காரர்கள் என்று சொல்வோம். எங்கள் வீடு கூட்ஸ் ஷெட்டுக்கு எதிர்த் தெருவில். அப்பாவுக்கு ஆமத்தூரில் கொஞ்சம் கரிசல் நிலமும், வண்டிகளும் மாடுகளும் உண்டு. மல்லி மூட்டையும் வத்தல் மூட்டையும் ஏற்றுவார். தீபாவளி சீசன் வந்தால் சிவகாசியிலிருந்து வெடிப்பெட்டி லோடு. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் காலில் சாக்ஸ் இருக்கும், என் காலில் புழுதி இருக்கும். வசவில் மட்டும் அவள் தமிழ் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

எங்கள் வீட்டில் அவளை எல்லாரும் ‘கார்ட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நமக்கு அப்பா பெயர் முன்னால் இனிஷியலாக நிற்கும், சொந்தப் பெயர் கடைசியில் வரும். அவள் பெயரில் கடைசியாக இருந்தது அதுதான். அதனால் அதையே அவள் பெயர் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அவளும் திருத்தவில்லை. “ஏத்தா கார்ட்டரு, சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்டால் நல்ல பிள்ளையாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் அவளைத் தேடிக்கொண்டு டிரைவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, “உங்க பேரு என்னங்க?” என்றார்.

“கார்ட்டர்.”

“மக பேரக் கேக்கலங்க,” என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “உங்க பேரத்தான் கேக்காக.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பிறகு பொறுமையாகச் சொன்னார். கார்ட்டர் என்பது தனக்கு, மனைவிக்கு, மகளுக்கு, தன் அப்பாவுக்கு, அவருக்கும் முந்தினவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பெயர். வண்டி ஓட்டுகிறவன் என்று அர்த்தம். பிரெஞ்சு பேசுகிறவர்கள் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டபோது உள்ளே வந்த சொல்லாம். வண்டி ஓட்டிப் பிழைத்தவனை ஊர் அப்படிக் கூப்பிட்டது. பிள்ளைகள் வண்டியை விட்ட பிறகும் பெயர் அவர்களை விடவில்லை. அங்கே கொல்லன் பெயரும் அப்படித்தான், தையல்காரன் பெயரும் அப்படித்தான் என்றார்.

அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். “நாங்களும் வண்டிக்காரர் வகையறாதாங்க.”

ஆமத்தூரில் எங்கள் பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். யாரிடமும் வண்டி இல்லாத காலத்தில் எங்கள் பாட்டன்மாரில் ஒருவர் வண்டி வைத்திருந்தாராம். இப்போது அவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் வண்டிக்காரர் வகையறா என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

“அங்கன இந்தப் பேருல எம்புட்டுப் பேரு இருப்பாக?” என்று அப்பா கேட்டார்.

“அத யாரு எண்ணுனா? ஊருக்கு ஊரு வண்டி இருந்துச்சு, ஊருக்கு ஊரு கார்ட்டரும் இருக்கான். ஒருத்தனுக்கொருத்தன் சொந்தமே கிடையாது.”

இதுதான் அப்பாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. “ஒரே பேரு வச்சுக்கிட்டுச் சொந்தமில்லாம எப்படிங்க போகும்?” அவர் கணக்கில் பெயர் ஒன்றானால் பங்காளி. அந்த டிரைவர் ஓட்டுவதும் ஒரு வண்டி, அது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாசி சிவராத்திரிக்கு அவர்களையும் எங்கள் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கண்மாய்க் கரையில் பீடமும் வேலும் மட்டும் உள்ள கோயில். சிவராத்திரிக்கு மறுநாள் கிடா வெட்டி, கறியை வீட்டுக்கு ஒரு பங்காக ஓலைக் கொட்டான்களில் பிரித்து, வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வகையறாவில் பிறந்த ஆண்பிள்ளையின் வீட்டுக்குத்தான் பங்கு. கட்டிக்கொடுத்த பெண் வந்தால் விருந்தாளியாகச் சாப்பிடலாம், கொட்டான் அவள் கைக்கு வராது.

“சட்டைக்காரருக்கு எதுக்குப் பங்கு?” என்று ஒரு சித்தப்பா முறைத்தார்.

“வண்டிக்காரன்னா வண்டிக்காரன்தான். அவுக கோயில் வரிய நான் குடுக்கேன், நீ பங்கப் பிரிலே,” என்றார் அப்பா.

“கார்ட்டர் வீடு” என்று கூப்பிட்டதும் டிரைவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வாங்கினார். அடுத்தடுத்த வருஷங்களில் யாரும் முறைக்கவில்லை. சித்தப்பாவே நல்ல கறியாகப் பார்த்து அந்தக் கொட்டானில் போடுவார்.

பெரியவர்கள் பங்கு பிரிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அவிழ்த்துவிட்ட வண்டியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம். எனக்குக் கல்யாணமாகிவிட்டால் இந்தச் சாமி எனக்கில்லை, புருஷன் வீட்டுச் சாமிதான் என்று அவளிடம் ஒரு தடவை சொன்னேன்.

“எங்கள்லயும் அப்படித்தான்,” என்றாள். “கல்யாணமாயிட்டா கார்ட்டர் போயிரும். புருஷன் பேருதான்.”

“அப்பக் கல்யாணமே வேண்டாம்,” என்றேன். அவளும் சரி என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம்.

எனக்குத் தாவணி போட்ட சமயத்தில் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர்களுக்கே தெரியவில்லை, வேலை கிடைக்கிற இடம் என்றார்கள். பிளாட்பாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வந்தா உன்ன எப்படிக் கண்டுபிடிப்பேன்?” என்று கேட்டேன்.

“கார்ட்டர் வீடு எங்கன்னு கேளு. சொல்லுவாக.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆமத்தூரில் இறங்கி வண்டிக்காரர் வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்களே. ரயில் கள்ளிக்குடிப் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் அவள் அப்பா எங்கள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது. ஊருக்கு ஊர் கார்ட்டர், ஒருத்தனுக்கொருத்தன் சொந்தமே கிடையாது. அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சத்தியத்தை முதலில் மீறியது நானாகத்தான் இருக்கும். என்னைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல இடம், குறை சொல்ல முடியாது. மாலையில் வெடிக் கம்பெனியிலிருந்து கை முழுக்க மருந்துப் பொடியோடு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் இருந்தால் என்னவெல்லாம் வசவு விடுவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மாசியில் குலசாமி கோயிலுக்கு விருந்தாளியாகப் போனேன். சித்தப்பா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, கடைசியில் “கார்ட்டர் வீடு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் போன பிறகும் அப்பா அவர்கள் வரியை நிறுத்தவில்லையாம். பங்கை யாராவது பசித்த ஆளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்.

அன்று அந்தக் கொட்டானை அப்பாவே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“உனக்கு இங்கன பங்கு கிடையாது தாயி. இது அவ பங்கு. அவ வர்ற வரைக்கும் நீ வாங்கிக்கோ.”

அவளுக்கும் இந்நேரம் கல்யாணமாகியிருக்கும், அவளும் இப்போது கார்ட்டர் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.