கறுப்புக் குஞ்சுகளுக்குப் போன தீனி

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தில் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. அதில் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து வான்கோழி வளர்த்தோம். அவர் கூடப்பிறந்தவர் இல்லை. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். என் கல்யாணத்தில் அண்ணன் முறை செய்தவர் அவர்தான்.

அவர் சித்தியவானிலிருந்து வெள்ளைக் குஞ்சுகள் கொண்டுவந்தார். சீக்கிரம் எடை போடும் பெரிய ரகம். நான் கறுப்பு நாட்டு ரகம் எடுத்தேன். எந்த ரகமானாலும் முதல் ஆறு வாரம் சத்து கூடின குஞ்சுத் தீனிதான் கொடுக்க வேண்டும், அப்போது குறைந்தால் வளர்த்தி நின்றுபோகும் என்று தீனிக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். மூட்டைகளைப் பொதுவில் வாங்கி வைத்தோம். விடிந்ததும் நான் ஈப்போவில் ஒரு சலவைக்கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். பகலில் தீனி போடுவது அவர் பொறுப்பு.

மூன்றாவது வாரத்தில் வெள்ளைகள் நெஞ்சு அகன்று நின்றன. என்னுடையவை இறகு கூடச் சரியாக முளைக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நோயா என்று கேட்டேன்.

"ரகமே அப்படித்தான் லா, தங்கச்சி. கறுப்பு எவ்வளவு தின்னாலும் அவ்வளவுதான்."

நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, அந்தக் குஞ்சுகள் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. மிகவும் நோஞ்சானாக இருந்த மூன்றைக் கொன்று கழித்துவிடலாம் என்று அவர் சொன்னபோது சரியென்று தலையாட்டினேன்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் கடையில் தண்ணீர் வரவில்லை. காலை பத்து மணிக்கே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நேராகக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் எனக்கு முதுகு காட்டி நின்று, கறுப்புக் குஞ்சுகளின் தட்டில் தவிட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார். வெறும் அரிசித் தவிடு. குஞ்சுத் தீனி மூட்டை வெள்ளைகளின் பக்கம் வாய் திறந்து கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. அதுதான் என்னை உடைத்தது. கறுப்பு வளராது என்று நானே கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவேன், பிறகு இரண்டு பேரும் வெள்ளையே வளர்க்கலாம் என்று நினைத்தாராம்.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்றார்.

"சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே, அண்ணே," என்றேன்.

அன்றைக்கே குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்கட்டில் வலை அடித்து, நல்ல தீனி வாங்கிப் போட்டேன். முதலில் இறகு வந்தது. பிறகு மெதுவாக உடம்பு பிடித்தது. வெள்ளை அளவுக்கு வராது, அது ரகம். ஆனால் பெரும்பாலானவை தங்கள் ரகத்துக்கு உரிய உருவத்துக்கு வந்துவிட்டன. இரண்டு மட்டும் கடைசிவரை கால் கோணலாகவே நடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கழித்துவிட்ட அந்த மூன்றும் ஞாபகம் வரும். அவற்றுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பசிதான்.

தீபாவளிக்கு அண்ணனும் அண்ணியும் வழக்கம்போலப் பலகாரத் தட்டோடு வந்தார்கள். வாங்கிக்கொண்டேன், உட்காரச் சொன்னேன், காப்பி கொடுத்தேன். கோழிகளைப் பார்க்கலாமா என்று கேட்டு அவர் எழுந்தார். நான் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.