தொடக் கூடாத சோறு

நேற்று மகளின் பள்ளியில் 'பாரம்பரிய உணவு நாள்'. போய்விட்டு வந்ததிலிருந்து எனக்குத் தலைவலி.

முன்கதை கேளுங்கள். யாழினி ஒன்றாம் வகுப்பு. வயதுக்கேற்ற எடை இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார்: "டானிக்லாம் வேணாங்க. எதை விரும்பிச் சாப்பிடுறாளோ அதைக் குடுங்க." அவள் விரும்பிச் சாப்பிடுவது ஒன்றே ஒன்று... சென்னாக்குன்னி! கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிற பொடி இறால் கருவாடு. வறுத்து, தேங்காய் சேர்த்துத் துவையலாக அரைத்துச் சோற்றில் பிசைந்தால் தட்டை வழித்துவிடுவாள்.

டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. கூடவே மிஸ்ஸின் போன்.

"கிளாஸ் முழுக்க ஸ்மெல் மேடம். பிரெட் ஜாம் மாதிரி நீட்டா குடுத்து விடுங்க."

கடற்கரை ஊரில் கருவாடு நாறுகிறதாம்! அன்றிலிருந்து பிரெட் ஜாம் போகிறது. பாதி கூடத் தின்னாமல் திரும்பி வருகிறது. எடை? நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனக்குத்தான் தூக்கம் போனது.

இந்த லட்சணத்தில், போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு — பாரம்பரிய உணவு ஒன்றைக் காட்சிக்குக் கொண்டு வர வேண்டுமாம். வந்ததே எனக்கொரு வீம்பு! அதே சோறு, அதே துவையல். நேற்று வாழையிலையில் வைத்து எடுத்துப் போனேன்.

"வாவ்... செம ட்ரெடிஷனல் மேடம்!" என்றார் மிஸ். அதே மிஸ்! மூக்கு நேற்று மட்டும் லீவு போல. 'எலும்புக்கு வலு, வளரும் குழந்தைகளுக்கு உகந்தது' என்று அட்டை வேறு எழுதி வைத்தார்.

யாழினி கையை நீட்டினாள்.

"நோ நோ, தொடக் கூடாது. சீஃப் கெஸ்ட் வரட்டும்."

சீஃப் கெஸ்ட் வந்தால்தானே? சுற்றிலும் முருங்கைக்கீரை அடை, கேழ்வரகுப் புட்டு, எள்ளுருண்டை. எல்லாமே வளரும் குழந்தைகளுக்காம். அந்தக் குழந்தைகளோ கையைக் கட்டிக்கொண்டு வரிசையில்! பசித்து அழுத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு க்ரீம் பிஸ்கட் கொடுத்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லுங்கள், நியாயமா இது?

மதியம் கார் சத்தம். பெரியவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். மாலை போட்டு அழைத்து வந்தால்... எங்கள் மேஜையில் அட்டை இருந்தது. இலை இருந்தது. யாழினியின் கன்னத்தில் துவையல் இருந்தது.

"ஐயோ மேடம், எக்ஸிபிட்டைச் சாப்பிட்டுட்டா!" என்று அலறினார் மிஸ்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள் என் மகள்.

முதல் பரிசு பக்கத்து மேஜை எள்ளுருண்டைக்குப் போனது — கடைசி வரை ஒரு பிள்ளையும் அதை வாயில் வைக்கவில்லை.