சௌடையா குத்திய பதினாறு பாகம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கும் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் சௌடையாவிடம் தங்கள் எடையைக் குறைத்துச் சொல்லிப் பார்க்காதவர்கள் கிடையாது. முள் எழுபத்தெட்டைத் தொட்டு நிற்கும். "அறுபதுதான் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். கண் தெரியாதவர்தானே என்ற தைரியம்.

"அறுபதுக்கு என் மெஷினு இப்பிடி முனகாதே தாயி" என்பார் சௌடையா.

காரியாபட்டிச் சந்தைக்குப் போகிற வியாபாரி ஒருவர் ஏறியபோது மெஷின் வாய்விட்டு அழுததாகவும், சௌடையா அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்ததாகவும் பஸ் ஸ்டாண்டில் ஒரு கதை உண்டு. அதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று சௌடையா சொன்னதில்லை.

ஆறு வயதில் தட்டம்மை வந்து கண்ணைக் கொண்டுபோனது. வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம். தெருவில் இறங்கினால் தமிழ். பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் தமிழ் எழுத்து அவருக்குக் கிடைத்தது, காது வழியாக இல்லாமல் விரல் வழியாக. இந்தச் சீமையில் ழகரத்தை முழுசாக உச்சரிக்கிற வாய் அபூர்வம். கண்டக்டர்கள் "திருச்சுளி, திருச்சுளி" என்று கூவுகிறார்கள். பஸ்ஸும் வழி தவறாமல் போய்ச் சேருகிறது. பிரெய்லில் அந்தச் சலுகை இல்லை. ழ-வுக்கு ஐந்து புள்ளி, ள-வுக்கு மூன்று புள்ளி. விரலை வைத்தால் இரண்டும் இரண்டு ஜாதி. சின்ன வயதிலேயே அது விரலில் ஏறிவிட்டதால், ஊரே திருச்சுளிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தபோது சௌடையா ஒருவர் மட்டும் திருச்சுழிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

எழுத்துப் பிழை என்றால் அவருக்குச் சோற்றில் கல் மாதிரி. கூடப் படித்தவன் பிரெய்லில் அனுப்பிய கல்யாண அழைப்பிலேயே மூன்று பிழையைக் கண்டுபிடித்து, திருத்தித் திருப்பி அனுப்பினார். கல்யாணத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளை அதற்கப்புறம் கடிதமும் போடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். வெயிலுக்குப் பயந்து நாய்கள்கூட பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த நேரம். சௌடையா மடியில் பிரெய்ல் சிலேட்டை வைத்து, குத்தூசியால் தாளில் டக்டக்கென்று குத்திக்கொண்டிருந்தார். தாளின் பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும். அதனால் வலமிருந்து இடமாக, எல்லாம் தலைகீழாகக் குத்த வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கைத்தடி வந்து பக்கத்தில் நின்றது.

"யாரு அது, பிரெய்லு குத்துறது?"

வந்தவள் ஈவா. சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். மதுரையில் பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். அவளுக்கும் பார்வை கிடையாது.

"என்னத்தைண்ணே குத்திக்கிட்டு இருக்கீக?"

"பொழுதைத்தான்."

ஈவா சிரித்தாள். பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்தது. பையிலிருந்து பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சௌடையா விரலை ஓட்டினார். வாளப்பளம். மளை. கிலவி. நாலு தாள் தள்ளியும் ஒரு முற்றுப்புள்ளி தட்டுப்படவில்லை.

"ஏம்மா, இதுக எங்கயும் மூச்சு விடாதா?"

"எல்லாம் போன்ல கேட்டுப் படிக்கிற பிள்ளைகண்ணே. போன் பேசுது, இதுக கேக்குது. பத்தாவது வந்துருச்சு, ஒரு வார்த்தையை முழுசாத் தொட்டுப் பாத்ததில்ல. மெஷின்ல அடிச்சு வர்ற புத்தகமும் தப்பாத்தான் வருது. பிழை வர்ற வார்த்தையெல்லாம் சேத்து, வாக்கியத்தோட, நிறுத்தக்குறியோட ஒரு புத்தகம் மட்டும் இருந்தாப் போதும். ஒரு பிரதி சரியா இருந்தா, எங்க ஸ்கூல்ல அதை அச்சா வச்சு நூறு எடுத்துக்கிடுவேன்."

"நான் குத்தித் தாரேன்" என்றார் சௌடையா. பஸ் ஸ்டாண்டில் அதுவரை யாரும் அவரிடம் எடையைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

ஆறு வருஷம் குத்தினார். மூவாயிரம் சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். 'கிழவி கிளி வளர்த்தாள். கிளி கிழவியை வளர்த்தது.' இப்படி, படிக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே பிழையில்லாமல் எழுதுகிற மாதிரி. ஒரு புள்ளி தவறினால் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து குத்துவார். குத்தூசி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு ஏறி, கோலிக்குண்டை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆனது. பதினாறு பாகம் சேர்ந்தது. வீட்டு டிரங்குப் பெட்டியில் அவற்றை நிற்கவைத்துத்தான் அடுக்குவார் மனைவி ராமலட்சுமி. படுக்கவைத்து மேலே பாரம் வைத்தால் புள்ளி அமுங்கிவிடும். பெட்டி மேல் ஒரு சீப்பை வைத்தாலும் அந்த வீட்டில் சண்டைதான்.

கெட்டித் தாள் வாங்கிக் கொடுத்தவர் செல்வதுரை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாசகர் வட்டம் ஒன்றின் செயலாளர். நல்ல மனுஷன்தான். விழா இல்லாமல் எந்த நல்லதையும் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

"சும்மா கொடுத்துவிட முடியுமா சௌடையா? பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு வெளியிடணும். ஒரு வாரத்துக்குப் புத்தகத்தை என்கிட்ட கொடுங்க. பக்க எண்ணெல்லாம் சரிபாக்கணும்."

"பைண்டிங்கு மட்டும் வேணாம் சார். நூல் போட்டுத் தைச்சிருக்கு, அது போதும். நிக்க வச்சே இருக்கட்டும்."

"சரி, சரி."

அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில்தான் தெரிந்தது. மைக்கில் செல்வதுரை பூரித்துக்கொண்டிருந்தார். சௌடையாவுக்குத் தெரியாமல் ஓர் இன்ப அதிர்ச்சி தயார் செய்திருக்கிறோம். மெத்தை மாதிரி உப்பியிருந்த பதினாறு பாகத்தையும் நம்ம ராஜபாண்டி அழகாகத் தோல் அட்டை போட்டு ஆறு புத்தகமாகக் கட்டியிருக்கிறார். அட்டையில் தங்க எழுத்து. 'வெளியிடுபவர் செல்வதுரை' என்பது பெரிதாகவும், சௌடையாவின் பெயர் அதற்குக் கீழே அடக்கமாகவும் இருந்ததை அவர் மைக்கில் சொல்லவில்லை.

பைண்டர் ராஜபாண்டிக்கும் துண்டு போர்த்தினார்கள். அவர் கீழே இறங்கும்போது முதல் வரிசையில் இருந்த சௌடையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"லேசுல அடங்கலண்ணாச்சி. தாள் ஒவ்வொண்ணும் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்குது. லேசாத் தண்ணி தெளிச்சு, பிரஸ்ஸுல வச்சு, மூணு நாளு திருகி அமுக்கினேன் பாருங்க. இப்ப வழவழன்னு, பேங்கு லெட்ஜர் தோத்துப்போகும்!"

சௌடையாவின் கை அந்தக் கையிலிருந்து நழுவியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏற்றினார்கள். அதிகாரி முதல் புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். "ஐயா ஒரு பக்கம் வாசிக்கட்டும். எல்லாரும் கேப்போம்."

சௌடையா விரலை வைத்தார். வழவழ. அடுத்த வரி. வழவழ. பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டினார். கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மண்டபம் காத்திருந்தது.

செல்வதுரை காதருகே குனிந்தார். "என்ன சௌடையா, உங்களுக்கு மனப்பாடமாத் தெரியும்லா? கையை வச்சுக்கிட்டே சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

தெரியும்தான். மூவாயிரம் சொல்லும் வரிசையாகத் தெரியும். சொல்லியிருந்தால் கைதட்டல், பொன்னாடை, நாளைக்குப் பேப்பரில் படம். முதல் வரிசையில் ஈவா உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இந்தப் புத்தகத்தை வாங்கிப் போகத்தான் வந்திருந்தாள்.

"இதுல ஒண்ணுமில்ல" என்றார் சௌடையா மைக்கில். "எல்லாத்தையும் அமுக்கிட்டாக. ஒரு புள்ளிகூட இல்ல."

அதிகாரி புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். "இல்லையே. புள்ளியெல்லாம் வரிசையா இருக்கே?"

முன்வரிசையில் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆமாம், புள்ளி இருந்தது. அமுங்கின புள்ளிக்கும் தடம் உண்டு. கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். இருநூறு பேருக்குத் தெரிந்தது. "அந்தா தெரியுதுல்லா!" "எம்புட்டு அழகா இருக்கு!" செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

ஈவா எழுந்து, யாரும் கூப்பிடாமலே மேடையேறி வந்து, விரலை வைத்துப் பார்த்தாள். "அண்ணன் சொல்றது நிசம். வெறும் தாளுதான் இது. என்னாலயும் வாசிக்க முடியல."

"அந்தம்மா அவரு கூட்டாளி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஈவா விடவில்லை. பையிலிருந்து தன் பிள்ளைகளின் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சௌடையா அதைத் தட்டுத்தடங்கல் இல்லாமல், பிழைகளோடு வாசித்தார்.

"இது மட்டும் எப்பிடி வாசிக்காரு?" என்றது பின்வரிசை. "வீட்டுலயே பேசி வச்சுட்டு வந்திருப்பாக. ஏலே, இத்தனை வருஷமும் மனப்பாடத்தைத்தான் ஒப்பிச்சிருக்காருடா. இன்னைக்கு மறந்துபோச்சு, மாட்டிக்கிட்டாரு."

இரண்டு பேருக்குத் தெரியவில்லை, இருநூறு பேருக்குத் தெரிகிறது. யார் பேச்சு எடுபடும்?

செல்வதுரைதான் விழாவைக் காப்பாற்றினார். மைக்கை வாங்கி, குரலைத் தாழ்த்தி, உருக்கமாகச் சொன்னார்: "யாரும் தப்பா நினைக்காதீங்க. ஐயாவுக்கு இந்த வயசுல சர்க்கரை. சர்க்கரையில விரல் மரத்துப்போகும். இது இயற்கை. விரல் போனாலும் அவர் தொண்டு போகாது!"

கைதட்டல் மண்டபக் கூரையைத் தூக்கியது. சௌடையாவுக்குச் சர்க்கரை கிடையாது. ராஜபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எடை பார்க்க வருகிறவர்கள் வைத்தியமும் கொண்டுவந்தார்கள். நாவல்கொட்டைப் பொடி, வெந்தயம், சிறுகுறிஞ்சான். வீரசோழனிலிருந்து வந்த ஒருவர் பாகற்காயே ஒரு பை கொடுத்துப் போனார். டீக்கடை மாதவன் கேட்காமலே சீனியைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். சௌடையா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, சர்க்கரை இல்லை என்று சீட்டு வாங்கிவந்து மாதவனிடம் நீட்டினார்.

"பாத்தீகளா, பொடி கேக்குது" என்றான் மாதவன். "நிப்பாட்டிராதீக."

ஒரு வாரம் கழித்து ஈவாவிடமிருந்து போன். அவள் ஒரு வழி யோசித்திருந்தாள். "கண்ணு தெரிஞ்சவுக யாராவது அந்தத் தடத்தைப் பாத்து எந்தெந்த இடத்துல புள்ளி இருக்குன்னு சொன்னாப் போதும்ணே. நான் திரும்பக் குத்திக்கிடுவேன். புத்தகத்தை மட்டும் வாங்கித் தாங்க."

சௌடையா வாசகர் வட்டத்துக்குப் போனார். ஆறு புத்தகமும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. செல்வதுரை சாவியைக் கொடுக்கவில்லை.

"எப்பிடி சௌடையா கொடுக்க? வர்றவுக எல்லாரும் இதைத்தான் பாத்துட்டுப் போறாக. போட்டோ எடுக்காக. கை பட்டா அட்டை அழுக்காயிரும்னு போர்டே எழுதி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"'தொடாதீர்கள்'னு."

சௌடையா கண்ணாடியைத் தடவினார். அதுவும் வழவழவென்றுதான் இருந்தது.

"அப்ப தாளாவது வாங்கித் தாங்க சார். முதல்ல இருந்து குத்துறேன்."

"விரல் மரத்தவுக எதுக்கு உடம்பை வருத்திக்கிடணும்? ஓய்வெடுங்க" என்றார் செல்வதுரை. மனசாரத்தான் சொன்னார்.

ஜூன் பிறந்தது. பள்ளி திறந்த அன்றைக்கு ஈவா மறுபடி கூப்பிட்டாள். மெஷினில் ஆள் ஏறி நின்றதையும் கவனிக்காமல் சௌடையா போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. திரும்பக் குத்த இனி நேரமில்ல. எல்லாம் உங்களுக்கு மனசுல இருக்குல்ல? அதை வாயால சொல்லுங்க. போன்ல பதிஞ்சு வச்சுக்கிடுறேன். பிள்ளைக கேட்டுக்கிடும்."

"கேட்டுக் கேட்டுத்தானம்மா இப்பிடி எழுதுதுக? இன்னுங் கொஞ்சம் சத்தத்தை நான் வேற போடணுமா?"

"ஒண்ணுமில்லாததுக்கு ஏதோ இருக்கட்டும்ணே."

"ஊரு என்னை ஒப்பிக்கிறவன்னு சொல்லிருச்சு. சொல்லிட்டுப் போகட்டும். அதை என் வாயாலயே நிசமாக்கச் சொல்றியா?"

ஈவாவுக்குப் பின்னால் வகுப்பில் ஏதோ ஒரு போன் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சௌடையா அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "சரிண்ணே, வைக்கட்டுமா" என்றாள் ஈவா. "வை" என்றார்.

மாதவன் டீ கிளாசைக் கையில் கொண்டுவந்து கொடுத்தான்.

"சீனி ஒரு பொட்டு போடல. பயப்படாமக் குடிங்க அண்ணாச்சி."

ஒரு மாதமாகத் தினமும் மல்லுக்கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் குடித்தார். "பாத்தியா, வழிக்கு வந்துட்டாரு" என்று மாதவன் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. கிளாசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த சிலேட்டை எடுத்துப் பைக்குள் போட்டு, பை வாயைச் சுருக்கிக் கட்டினார்.