எண்ணெய் வைத்த தலை

என் தலைமுடி யார் பேச்சையும் கேட்டதில்லை. சுருட்டை என்று சொல்ல முடியாது, நேர்முடி என்றும் சொல்ல முடியாது. காய்ந்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் பரட்டை என்று கூப்பிட்டார்கள். லேப் டெக்னீஷியன் படிக்கப் போன இடத்தில் கொஞ்சம் நாகரிகமானவர்கள், "கரண்ட்ல கை வச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள். படித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டேன், இந்த முடியோடு குடித்தனம் நடத்தவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் கஷ்டமான பாடம்.

அந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை. தலைக்குக் குளித்ததும் துண்டால் அடித்துத் துவட்டக் கூடாது. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முடியில் ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டு இரண்டு கையிலும் பரப்பி, நுனியிலிருந்து காதளவு வரைக்கும் தடவ வேண்டும். வேர்ப்பக்கம் போகவே கூடாது. பிறகு அகலப் பல் சீப்பு. காய்ந்த முடியில் சீப்பை வைத்தால் அன்றைக்கு நாள் போச்சு. இவ்வளவும் செய்தால் முடி படியாது, ஆனால் சண்டைக்கு வராது. எனக்கு அது போதும். கல்யாணத்துக்கு முன்னால் இந்தத் தலையோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி, தருமபுரியை ஒட்டிய இண்டூர் பக்கம் வந்தேன். வீடு ஊருக்குள் இல்லை, நிலத்துக்கு நடுவில் காட்டுக்கொட்டாய். சுற்றிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, கொஞ்சம் மஞ்சள், வரப்போரம் ஆமணக்கு. கணவருக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நாத்தனாரும் பெங்களூரில்தான். மாமனார் எப்போதோ இறந்துவிட்டார். ஆக, வாரம் முழுவதும் அந்த வீட்டில் நானும் அத்தையும்தான். பெண் பார்க்க வந்தபோது, "படிச்ச புள்ள, வேலைக்குப் போவட்டும், நாங்க என்னாத்துக்குத் தடுக்கறோம்" என்று சொன்னவர் இதே அத்தைதான். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. சொன்னபோது அப்படித்தான் நினைத்திருப்பார்.

போர்வெல் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். அந்தத் தண்ணீரில் சில வாரம் குளித்ததில் முடி கயிற்று நார் மாதிரி ஆகிவிட்டது. என் சில சொட்டு எண்ணெய் எங்கே போனதென்றே தெரியவில்லை. அத்தை ஒரு நாள் பின்னாலிருந்து என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டுப் போனார்.

"இது சூட்டு ஒடம்பு கண்ணு. உள்ள கொதிக்குது. அதான் முடி எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குது. நான் பாத்துக்கறன் வுடு."

உடம்புச் சூட்டுக்கும் முடி நிற்பதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் யார் வாதாடுவார்கள்? அத்தை வரப்போரத்து ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதந்த எண்ணெயை அகப்பையால் அள்ளி அள்ளி எடுத்தார். வீடு முழுக்க அந்த வாசம் ஏறிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் என்னைப் பலகையில் உட்காரவைத்து இளஞ்சூட்டில் உச்சியிலிருந்து ஊற்றித் தேய்த்தார். பிறகு வெந்நீரும், எண்ணெய் போக அரப்பு இலைத் தூளும்.

சும்மா சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. என் அம்மாவுக்கு என் முடியைப் பார்த்தாலே எரிச்சல் வரும், சீப்பை வைத்து இழுத்து இழுத்தே வளர்த்தார். அத்தை ஒரு சிக்கைக்கூட இழுக்கவில்லை. விரலால் எண்ணெயை விட்டு விட்டு, அதுவாக அவிழும்வரை காத்திருந்தார். குளித்துக் காய்ந்ததும் முடி பிறந்ததிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தது. கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க அத்தை" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு வெயிலில் போகக் கூடாது. பகலில் தூங்கக் கூடாது. பிரயாணம் கூடவே கூடாது. இந்தச் சட்டமெல்லாம் எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் உண்டு, தீபாவளிக்கும் எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமைக்கும். இங்கே செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் நடந்தது. மற்ற நாளில் தலைக்குக் குளியல் இல்லையே தவிர எண்ணெய் உண்டு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், "இப்பிடி உக்காரு, நுனியெல்லாம் வெடிச்சுக் கெடக்குது" என்று கிண்ணத்தோடு வந்துவிடுவார். விளக்கெண்ணெய் தேங்காய் எண்ணெய் போல உள்ளே இறங்கிப் போய்விடாது. பிசின் மாதிரி மேலேயே நிற்கும். நெற்றியில் வழியும், காதுக்குப் பின்னால் வழியும், கழுத்துத் துணி ஊறும். அந்தத் தலையோடு மண் ரோட்டில் ஒரு பைக் போனால் போதும், புழுதியெல்லாம் என் தலையில்தான். இப்படி ஒரு கோலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு யார் போவார்கள்? நான் போகவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

இதை நான் கவனிக்கவே நாளானது. தருமபுரிக்குப் போய் வேலை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வேன். "போயிட்டு வாயேன், யாரு வேணாங்கறா" என்பார். மறுநாள் விடிந்தால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கும். திட்டம் போட்டுச் செய்தாரா, அவர் கை அதுவாகச் செய்ததா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு நடுவில் முடி அழகாகிக்கொண்டே போனதுதான் கொடுமை. உடைவது நின்றது, பளபளவென்று ஆனது. சொந்தக்காரர்கள் வந்தால் அத்தை என் பின்னலை எடுத்துக் காட்டுவார். எனக்கு அந்தப் பின்னலை அறுத்து எறியலாம் போல இருக்கும். சாயங்காலம் வரப்பில் நின்றால் தூரத்தில் டவுன் பஸ் ஹாரன் கேட்கும். அது ஓயும்வரை நின்றுவிட்டு வருவேன். வீட்டில் அடியில்லை, திட்டில்லை, சோற்றுக்குக் குறையில்லை. என்ன குறை என்று யாராவது கேட்டால், தலைக்கு எண்ணெய் வைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சிரிப்பார்கள்.

கூடப் படித்த ஒருத்தி மூலம் தருமபுரியில் ஒரு லேபில் ஆள் தேவை என்று தெரிந்தது. போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து பாருங்கள், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவோம், இன்னும் சிலரும் வருகிறார்கள் என்றார்கள். படித்ததை விட்டு நாளாகிவிட்டது. ஊசி பிடித்த கை குச்சிக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தது. இதையும் விட்டால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வியாழக்கிழமை சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னேன்.

"செரி கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எழுந்தபோது வாசம்தான் முதலில் வந்தது. பின்கட்டில் பலகை போட்டிருந்தது. அண்டாவில் வெந்நீர், பக்கத்தில் அரப்பு குழைத்த கிண்ணம். அத்தை கையில் எண்ணெயோடு நின்றார்.

"நல்ல காரியத்துக்குப் போற. தல சும்மா அப்பிடியே பறக்கப் போவாத. வா, சுருக்க வச்சு வுடறன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போடுகிறவரிடம் சொல்லலாம். சூடு ஆறிவிடுமே என்று கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு நிற்பவரிடம் எப்படிச் சொல்வது? போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அவர் சுருக்க ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வொரு சிக்காக எடுத்தார். எண்ணெய் நெற்றியைத் தாண்டிக் கண்ணுக்கு வந்தது.

"நேரமாவுதுங்க அத்தை" என்றேன்.

"எண்ண ஊறட்டும் கண்ணு. ஊறாம குளிச்சா சளி புடிக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார். "எம் பொண்ணயும் வேலைக்குன்னுதான் அனுப்பிச்சன். மொத தருமபுரில கடைக்குத்தான் போனா. சாயங்காலம் ஆனா வந்துருவா. அப்பறம் ஓசூருன்னா. அப்பறம் பெங்களூருன்னா. இப்ப தீவாளிக்கு வருவாளா பொங்கலுக்கு வருவாளான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கறன்." விரல் மட்டும் நிற்காமல் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. "குளிச்சுட்டு இன்னிக்கு வூட்டுலயே இரு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவள் போனதற்கு என் தலையில் எண்ணெயா? எழுந்து உள்ளே போய்க் கணவருக்குப் போன் செய்தேன். ஷிப்டில் இருந்தார்.

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா? அம்மா மனசு நோவாம பாத்துக்கோ" என்றார்.

கெட்டவர் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதியில் அங்கே இருப்பவர். அந்த நிம்மதி நான்தான் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு, குளிக்க நேரமில்லாததால் முகத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்ணெய்த் தலையை இழுத்துப் பின்னிக் கொண்டை போட்டேன். சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எண்ணத் தலயோட வாசப்படி தாண்டுவியா?" என்று கேட்டார் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை, நம்ப முடியாமல் கேட்டார்.

"தாண்டறனுங்க அத்தை."

பஸ்ஸில் சீட்டு இருந்தும் உட்காரவில்லை, சாய்ந்தால் கறை படியும். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் காற்றில் வந்த தூசியெல்லாம் நெற்றியில் ஒட்டியது. துடைக்கத் துடைக்க வழிந்தது. பட்டப்பகலில் குளியலறையிலிருந்து பாதியில் ஓடிவந்தவள் போல ஊருக்குள் இறங்கி நடந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது. இந்தத் தலையைப் பார்த்ததும் வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன்.

லேபில் பொறுப்பாக இருந்த மேடம் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் இதைப் போடுங்கள் என்று ஒரு தொப்பியை நீட்டினார். தலை முழுவதையும் மூடும் தொப்பி. அங்கே எல்லோரும் போட்டிருந்தார்கள், யார் முடி எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயதானவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. பெரியவர், "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். மற்றவர்களும் வந்து முடியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் மேடம் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். எங்கே வைப்பதென்று தெரியாத சந்தோஷம்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பின்கட்டில் பலகை போட்டது போட்டபடி கிடந்தது. அரப்பு கிண்ணத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் அண்டாவுக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து தண்ணீர் ஆற விடாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டில் போட்ட சோறு தொடாமல் இருந்தது.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டனுங்க அத்தை. வேல கெடச்சிருச்சு. திங்கக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

அத்தை எழுந்து புதிதாக அரப்பைக் குழைத்தார். நான் பலகையில் உட்கார்ந்தேன். தண்ணீரை ஊற்றினார். எண்ணெயும் பஸ் புழுதியும் கறுப்பாக ஓடின. எனக்குப் பின்னால் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை.

"சாயங்காலம் ஆனா வந்துருவியா?"

"வந்துருவனுங்க அத்தை."

"தெனமுமா?"

அரப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. ஓசூர் என்றும் பெங்களூர் என்றும் எனக்குள்ளும் ஒரு ஆசை உண்டு. அதை இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் என்று சொன்னேன்.

அதைச் சொல்லும்வரை அவர் கை என் தலைமேல் அசையாமல் அப்படியே இருந்தது.