அஞ்சலையக்கா கூடையில் கிடந்த சோறு

அம்மன் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எழுத்து சரியா வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவது வரைக்கும்தான் படிச்சேன். மறதியும் வந்துடுச்சு. கோர்வையா இல்லேன்னா பொறுத்துக்கங்க.

மலாயாவுல கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்த எமர்ஜென்சி நேரம். ரந்தாவ் ஊர் பக்கத்துல எங்க ரப்பர் தோட்டம். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவங்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதுன்னு எங்களைப் பழைய லைன் வீடுகள்ல இருந்து கிளப்பி, முள்கம்பி வேலிக்குள்ள குடிவச்சாங்க. ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டுல சோதனை. ஒரு பிடி சோறு இருந்தாலும் ஜெயில்தான்.

ஒருநாள் காலையில, பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா கூடையில சோத்து மூட்டை கிடைச்சது. புருஷன் இல்லாதவங்க. சின்னப் பிள்ளை வேற. எனக்குத் தெரியாதுன்னு அழுதாங்க. யாரும் கேட்கலை. சிரம்பான் டவுன் ஜெயிலுக்குக் கொண்டுபோக லோரி வரும்னு சொல்லி உட்கார வச்சுட்டாங்க. கேட்டையும் மூடிட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த மூட்டைத் துணியை நான் பார்த்துட்டேன். என் பழைய சேலைக் கிழிசல். வரிசையில அக்காவுக்குப் பின்னால நின்னது என் மக பாக்கியம். பதினாலு வயசு.

வீட்டுல இதைச் சொன்னதும் அவ அப்பா பெல்ட்டை எடுத்து விளாசினார். கை ஓய்ஞ்சதும் என்னைப் பார்த்து, "வெளியில மூச்சு விடாதே. புள்ள ஜெயிலுக்குப் போயிடும்"னார். நானும் பெத்தவதானே. பக்கத்துல அக்கா பிள்ளை அம்மாவைத் தேடி அழுதுக்கிட்டே இருந்தது.

பாக்கியத்தைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்க தோட்டத்துல ஒரு பொருள் காணாமப் போனா, மாரியம்மன் முன்னால கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுவாங்க. பொய்ச் சத்தியம்னா ஆத்தா சும்மா விடமாட்டா. நான் கற்பூரம் ஏத்தி, "மூட்டையைப் போட்டது நீ இல்லேன்னா அணை"ன்னேன். கையைத் தூக்கினா. தூக்கின கை அப்படியே நின்னுடுச்சு.

"கருப்பிக்குத்தாம்மா."

கருப்பி எங்க நாய். இடம் மாறும்போது ஓடிப்போனது, பழைய லைன்ல குட்டி போட்டிருக்குதாம். இவ வாளிக்குள்ள மறைச்சுச் சோறு கொண்டுபோயிருக்கா. அன்னைக்குச் சோதனை பலமா இருக்கவும், பயந்து மூட்டையை அக்கா கூடையில போட்டுட்டா.

"நாய்க்குச் சோறு போட்டது பாவமில்லடி. உன் பயத்தை அடுத்தவ கூடையில போட்டியே, அதுதான் பாவம்"னு சொல்லி, கையைப் பிடிச்சுக் கேட்டுக்கு நடந்தேன். அவ அப்பா தடுத்தார். நான் நிக்கலை.

நடந்ததைச் சொன்னோம்; மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் நம்பலை. நாய்க்கா சோறுன்னு கேட்டார். பழைய லைன் அந்த ரப்பர் மரங்களுக்குப் பின்னாலதான் இருக்குன்னு கைகாட்டினேன். "பங்கில் லா"ன்னார் மலாய்ல, கூப்பிடு பார்க்கலாம்னு. பாக்கியம் கூப்பிட்டா. ஒண்ணும் வரலை. மறுபடியும் கூப்பிட்டா. லோரி சத்தம் கேட்க ஆரம்பிச்சுடுச்சு.

நான் கண்ணை மூடினேன். ஆத்தா, என் புள்ளையைக் காப்பாத்துன்னு கேட்கலை. அவ சொன்னது உண்மைன்னு காட்டு, அது போதும்னு வேண்டினேன்.

காவல்காரர் ஒருத்தர் சிரிக்கிற சத்தம். கண்ணைத் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், எலும்பும் தோலுமா, மடி தொங்க, கருப்பி நின்னு வாலை ஆட்டுது.

சார்ஜன் கருப்பியையும் பாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அக்காவை விட்டுட்டார். பாக்கியத்தையும் மிரட்டி அனுப்பினார்.

நான் விடலை. தைப்பூசம் வரைக்கும் அக்காவோட பால் வாளியை அவதான் தூக்கணும்னேன். தூக்கினா. அக்கா அவகிட்ட முகம் கொடுத்துப் பேசலை. ஒருநாள் மரத்தடியில தன் கோப்பியில பாதியை ஊத்தி அவகிட்ட நீட்டினாங்க. அன்னைக்கு என் மக அழுத மாதிரி, பெல்ட்டு அடிக்குக்கூட அழுததில்லை. இப்ப சிரம்பான் பக்கத்து ராசாவுல பேரன் பேத்தியோட இருக்கா. அதுக்கப்புறம் அவ வாயில பொய் வந்து நான் கேட்டதில்லை.

பெத்தவங்களே, பிள்ளை தப்பு பண்ணினா அடிச்சு நொறுக்காதீங்க, மூடி மறைக்காதீங்க. கையைப் பிடிச்சு ஆத்தா முன்னால நிறுத்துங்க. மத்ததை அவ பார்த்துக்குவா.

அஞ்சலையக்கா பிள்ளை கோலா சாவாவுல இருக்கிறதா சொல்றாங்க. தெரிஞ்சவங்க யாராவது அந்தப் பிள்ளைக்கு இதைப் படிச்சுக் காட்டி, சரிதானான்னு கேளுங்க. மறந்த இடத்துல என் மகளுக்குச் சாதகமா எழுதியிருந்தா, திருத்திடுங்க.